சிஞ்ஞோரின் நிறையும் பனி மோட்டச்சைக்கிளும்

பாலெர்மோ விமான நிலையத்துச் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, சந்தேகமான சாமான்களை மேசையில் வரிசையாக வைத்தார். கொக்கி போட்ட ஸ்பிரிங் தராசு ஒன்று. பிறை போல வளைந்த இரும்புச் சாவி ஒன்று. ஒரு பை நிறைய உருக்கு ஆணி. கடைசியாக, அக்கா கேட்டிருந்த கறித்தூள் இரண்டு கிலோ. கறித்தூளை முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையோடு திரும்ப வைத்தார். மற்ற மூன்றும்தான் அவருக்கு விளங்கவில்லை.

"இவை எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஸ்னோமொபைல் சரிசெய்ய."

"எங்கே?"

"இங்கேதான், பாலெர்மோவில்."

அவர் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். பெப்ரவரி வெயிலில் பனைமாதிரி மரங்கள் நின்றன. ஒருவர் அரைக்கைச் சட்டையோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார். அதிகாரி பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூவரும் ஆறுதலாகச் சிரித்து முடித்த பிறகு என்னைப் போக விட்டார்கள். ஒரு நாட்டுக்குள் நுழையும்போது அதன் அதிகாரிகளை நான் இவ்வளவு சந்தோசப்படுத்தியது அதுதான் முதல் தடவை.

நான் கனடாவின் சட்பரி நகரத்தில் ஸ்னோமொபைல் திருத்துகிறவன். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் பல் வைத்த அகலமான ரப்பர் பட்டி, நடுவில் எஞ்சின்: பனிக்கு மேலே ஓடுகிற மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருசமாக இந்தத் தொழில். அவ்வளவு காலத்தில் என் அக்கா அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. மூன்று கிழமைக்கு முன்னர் திடீரென்று போனில் கேட்டாள்.

"தம்பி, நீ பனி மோட்டச்சைக்கிள் திருத்துறனி தானே?"

மனம் குளிர்ந்துபோய் "ஓம்" என்றேன். குளிர்ச்சி அடுத்த வசனம் வரைக்கும்தான். அவள் வேலை செய்கிற வீட்டு முதலாளி, அதாவது சிஞ்ஞோர், அப்படியொன்றைப் புதிதாக வாங்கிவிட்டார். நகரத்திலிருந்து இரண்டு மணித்தியாலத் தூரத்தில், மதோனியே மலையில், அவருக்கு ஒரு சின்ன விடுதி இருக்கிறது. ரோட்டு முடிகிற இடத்திலிருந்து விடுதி வரை சாமான் ஏற்றுவதற்கு வண்டி. வண்டியை ஓட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். பீற்றர் அத்தான் கோப்பை கழுவிய ஹோட்டலை மூடி நாலு மாதமாகிவிட்டது. அவருடைய பெர்மெஸ்ஸோ, நாட்டில் இருப்பதற்கான அனுமதி, முடியப்போகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் கொந்திராத்தோ என்கிற வேலை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும்.

"மெஷின் ஒழுங்கா ஓடினாக் கையெழுத்து வைக்கிறன் எண்டு சிஞ்ஞோர் சொல்லிப்போட்டார். இஞ்சை ஒருத்தருக்கும் அதில கை வைக்கத் தெரியாது. நீ வா."

"வித்தவங்கள் செய்து குடுக்கேல்லையே?"

"இன்ரர்நெற்றில எடுத்தவராம். வடக்கை இருந்து லொறியில கொண்டுவந்து இறக்கிப்போட்டுப் போயிட்டாங்கள்."

வண்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த படத்தில் முக்கால்வாசி சிஞ்ஞோரும் ஓரத்தில் கொஞ்சம் வண்டியும் இருந்தன.

அக்காவின் வீடு பாலெர்மோவின் சீசா என்ற பகுதியில், லிப்ற் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடியில். சட்பரியில் இந்த மாதம் மூக்கைத் துடைக்கவே யோசிக்க வேண்டும், துடைத்தது உறைந்துவிடும். இங்கே பல்கணியில் அத்தானின் பனியன்கள் பக்கத்து வீட்டு எலுமிச்சையோடு சேர்ந்து காய்ந்தன. சோறு, கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரியல் என்று அக்கா அடுக்கினாள். போதாதென்று அவளுடைய மகள் அஞ்சலா, கைமுட்டி அளவில் பொரித்த சோற்றுருண்டை நாலு வாங்கி வந்திருந்தாள். சோறு வெளியே, இறைச்சிக் கறி உள்ளே. கடதாசியில் சுற்றி, நடந்துகொண்டே தின்னலாம். இவ்வளவு காலமாகச் சோறும் கறியும் தின்கிற நாங்கள் இதை ஏன் யோசிக்கவில்லை என்று எனக்குக் கவலையாகப் போய்விட்டது.

அஞ்சலாவுக்கு இருபத்திரண்டு வயது, தாதியாவதற்குப் படிக்கிறாள். தமிழில் தொடங்கி இத்தாலியனில் முடிப்பாள். எனக்கு மொழிபெயர்க்கவென்று நாலு நாள் லீவு எடுத்திருந்தாள்.

"மாமா, நீங்கள் இஞ்சை இஞ்ஞெஞ்ஞேரே. எஞ்சினியர். சிஞ்ஞோரின்ர மனிசி, சிஞ்ஞோரா, தங்கட பொலிதேயாமாப் பகுதி முழுக்கச் சொல்லிப்போட்டா."

"நான் எஞ்சினியர் இல்லையே."

"அதை இப்ப ஆர் கேட்டது?" என்றாள் அக்கா, என் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை சோற்றைப் போட்டபடி.

அத்தான் தலை குனிந்து சாப்பிட்டார். மெலிந்த, சின்ன உருவம். பக்கத்துக் கதிரையில் ஒரு பிளாஸ்ரிக் கோவை இருந்தது. அதற்குள் அவருடைய கடதாசிகள். சாப்பிடும்போதுகூட அதைத் தூரத்தில் வைக்க மாட்டார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, வண்டியைப் பார்க்க ஒரேத்தோப் பகுதியில் இருந்த சிஞ்ஞோரின் கராஜுக்குப் போனோம். போனோம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். பஸ் நாற்பது நிமிசம் வரவில்லை. பிறகு ஒரே இலக்கத்தில் மூன்று பஸ் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. நாங்கள் ஏறியது நாலு தரிப்பு தாண்டி நின்றது, ஏனென்றால் ரோட்டின் நடுவில் ஒருவர் காரை நிறுத்திவிட்டுக் கோப்பி குடிக்கப் போயிருந்தார். சாரதி ஹோர்ன் அடித்தார், பயணிகள் யன்னலால் கத்தினார்கள், கார்க்காரர் கடை வாசலுக்கு வந்து குட்டிக் கோப்பையை உயர்த்திக் காட்டினார். இன்னும் ஒரு வாய் இருக்கிறதாம். அதை எல்லோரும் நியாயமாக ஏற்றுக்கொண்டு அமைதியானார்கள். சட்பரியில் இதற்குப் பொலிஸ் வந்திருக்கும்.

கராஜ் வாசலில் சிஞ்ஞோரும் சிஞ்ஞோராவும் நின்றார்கள். சிஞ்ஞோர் படத்தில் பார்த்ததை விட நேரில் இன்னும் நிறைய இருந்தார். மணிக்கட்டில் தடித்த சங்கிலி, காலில் பளபளக்கும் சப்பாத்து, குரல் மட்டும் பாட்டுக்காரருடையது போல இனிமை. சிஞ்ஞோரா மெலிந்த, உயரமான மனிசி. எதைச் சொல்ல முன்னரும் ஒருமுறை பெருமூச்சு விடுவார்.

வண்டி இளஞ்சிவப்பு. ஊர் உதைபந்தாட்டக்காரரின் நிறமென்பதால் அதைத் தெரிவு செய்தாராம். கண்ணூறுக்கு ஒரு சிவப்புக் கொம்பும், அது வேலை செய்யாவிட்டால் உதவட்டுமென்று ஒரு செபமாலையும் ஹாண்டிலில் தொங்கின. குனிந்து பட்டியைப் பார்த்தேன். விரல் நீளப் பற்கள். கனடாவில் ஆள் உயரத்துக்கு மாவு போலப் பனி கொட்டுகிற மலைகளில் ஓட்டுவதற்குச் செய்த விளையாட்டு வண்டி. சிசிலியின் ஈரமான, இறுகின பனியில் காஸ் சிலிண்டர் ஏற்றுவதற்கு இதை வாங்குவது, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் பந்தயக் குதிரை வாங்குகிற மாதிரி.

பட்டிக்குள்ளிருந்து எரிந்த பிளாஸ்ரிக் மணம் வந்தது.

"இதை ரோட்டில ஓட்டினவரோ எண்டு கேள்."

அஞ்சலா கேட்டாள். சிஞ்ஞோர் மகிழ்ச்சியோடு கைகளை விரித்தார். அயலவர்கள் பார்க்க ஆசைப்பட்டார்கள். கொஞ்சத் தூரம்தான். பட்டியைத் தாங்கும் பிளாஸ்ரிக் தண்டுகளைக் குளிரவைப்பது பனிதான், தாரில் ஓட்டினால் அவை உருகிவிடும் என்று விளக்கினேன். நல்லகாலம், ஓரம்தான் உருகியிருந்தது. தண்டுகளின் மேல் பனியைக் கிளறி எறிகிற இரண்டு கம்பிகளை ஒரு மெக்கானிக்கின் முன்யோசனையில் கொண்டு வந்திருந்தேன். அவற்றைப் பூட்டினேன். பட்டியின் நடுவில் தராசைக் கொக்கி போட்டு இழுத்து, எவ்வளவு தொய்கிறதென்று அளந்தேன். புதுப் பட்டி, ஒரு பக்கம் இழுபட்டும் மற்றப் பக்கம் தளர்ந்தும் இருந்தது. பின் போல்ற்றுகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி நேராக்கினேன். ஒவ்வொரு திருப்பலுக்கும் வாசலில் நின்ற அயலவர்கள் ஒரு அபிப்பிராயம் சொன்னார்கள். "இன்னும் இறுக்கச் சொல்," என்றார் ஒருவர். "இறுக்கினால் அறும், என் மைத்துனருக்கு அறுந்தது," என்றார் மற்றவர். மைத்துனருக்கு அறுந்தது தையல் மெஷினின் பட்டி என்று பிறகு தெரிந்தது.

அடுத்தது ஸ்பிரிங். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

"ஓட்டுறவரின்ர நிறை எவ்வளவு எண்டு கேள்," என்றேன். மலையில் முதல் ஓட்டம் தன்னுடையதுதான் என்று சிஞ்ஞோர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

புது வண்டி எவருக்கும் பொருந்தாமல்தான் வரும். ஆள் ஏறி இருந்தால் பின்பக்கம் ஒரு அளவுக்குத் தாழ வேண்டும். கூடத் தாழ்ந்தால் முன் சறுக்குகள் பனியை விட்டுக் கிளம்பிவிடும். ஹாண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தன் பாட்டில் போகும். தாழாவிட்டால் ஆளைத் தூக்கி எறியும். ஆகவே நிறை தெரியாமல் ஸ்பிரிங்கில் கை வைக்க முடியாது. எங்கள் கடை வாசலில் ஒரு தராசு கிடக்கிறது. பாதிரியாராக இருந்தாலும் ஹெல்மெற், சப்பாத்தோடு அதில் ஏறித்தான் இறங்க வேண்டும்.

அஞ்சலா கேட்டாள். சிஞ்ஞோரா பெருமூச்சு விட்டுக் கூரையைப் பார்த்தார். அத்தான் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"எண்பத்திரண்டு," என்றார் சிஞ்ஞோர்.

ஆளைப் பார்த்தே நிறை சொல்கிற பழக்கம் எனக்கு உண்டு. இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் பிழைக்காது. எனக்கு முன்னால் நின்றவர் நூற்றுப் பதினைந்துக்குக் குறையாத மனிதர்.

"உடுப்போடயோ, உடுப்பில்லாமலோ?"

"உடுப்போடு எண்பத்திரண்டரை."

"ஒருக்கா ஏறி இருக்கச் சொல்லு பிள்ளை. நான் அளந்து பாக்கிறன்."

சிஞ்ஞோரின் முகம் சிவந்தது. காற்சட்டை புதிது, கிரீஸ் படும் என்றார். பிறகு, "ஒரு ஆணின் வாய்ச்சொல் இருக்கும்போது அளவுகோல் எதற்கு?" என்று கேட்டார். அயலவர்கள் தலையாட்டினார்கள். வண்டியோடு வந்த கைநூலை எடுத்துத் தானே அட்டவணையைத் தேடினார். எண்பதிலிருந்து தொண்ணூறு வரை, ஸ்பிரிங் இலக்கம் இரண்டு. அந்த வரியில் தடித்த விரலை வைத்தபடி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

அத்தான் என் முழங்கையைத் தொட்டார். "தம்பி, எண்பத்திரண்டு எண்டா எண்பத்திரண்டுதான். வை."

அவருடைய கக்கத்தில் அந்தக் கோவை இருந்தது. நான் வளைந்த சாவியை எடுத்து ஸ்பிரிங்கை இரண்டாம் இலக்கத்தில் வைத்தேன். பிழை என்று தெரிந்துகொண்டே நான் திருப்பிய முதல் ஸ்பிரிங் அது.

சனிக்கிழமை காலை வண்டியை ட்ரெயிலரில் ஏற்றி மலைக்குப் புறப்பட்டோம். ஒரேத்தோவின் ஒரு ஒழுங்கையிலிருந்து வெளியேறவே ஒரு மணித்தியாலம். இரு பக்கமும் கார், கார்களுக்குப் பக்கத்தில் கார். பல்கணிகளில் நின்றவர்கள் இடது, வலது என்று கட்டளையிட்டார்கள். ஒரு கிழவர் மட்டும் இளஞ்சிவப்பு வண்டியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். தேர் என்று நினைத்திருப்பார்.

மலையில் பனி இருந்தது. நம்ப மாட்டீர்கள், அசல் பனி. ஆனால் செந்நிறம். சகாராவிலிருந்து காற்று கொண்டுவந்த மண் அதன் மேல் படிந்திருந்தது. நகரத்துக் குடும்பங்கள் பனியை வாளியில் அள்ளி, கார் பொனெற்றில் குவித்து, மூக்குக்குக் கரட் வைத்துப் பொம்மை செய்துகொண்டிருந்தார்கள். அப்படியே வீட்டுக்கு ஓட்டிப் போவார்களாம். பாதி வழியில் கரட் மட்டும் மிஞ்சும். எங்கள் ஊரில் பனியை வாசலிலிருந்து தள்ளுவதற்கே பாதி வாழ்க்கை போகிறது. இங்கே அதைக் கலியாணப் பலகாரம் மாதிரிக் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

விடுதி முற்றத்தில் நீள மேசை, பால்கட்டி, வாட்டிய இறைச்சி, சிஞ்ஞோரின் சொந்தக்காரர் முப்பது பேர். வண்டியை ஆசீர்வதிக்கப் பங்குத் தந்தையும் வந்திருந்தார். தீர்த்தம் தெளித்தார். எல்லோரும் சிலுவை போட்டார்கள். நானும் போட்டேன், மற்றவர்களை விடக் கொஞ்சம் கவனமாக.

சிஞ்ஞோர் இளஞ்சிவப்புத் தொப்பி போட்டு ஏறி இருந்தார். பின்பக்கம் அப்போதே உட்கார்ந்துவிட்டது. "மெதுவா போகச் சொல்லு," என்று நான் சொன்னதை அஞ்சலா மொழிபெயர்க்க முன்னர் அவர் விசையை அமுக்கிவிட்டார். முதல் ஐம்பது மீற்றர் அழகாகப் போய், வளைந்து எங்கள் பக்கம் திரும்பியது, கை தட்டினார்கள். பிறகு சின்னப் பள்ளம் ஒன்று. பின்பக்கம் அதற்குள் இறங்கி அடித்தது, முன் சறுக்குகள் இரண்டும் வானத்தைப் பார்த்தன. சிஞ்ஞோர் ஹாண்டிலை இடது பக்கம் வெட்டினார். வண்டி இடது பக்கம் போகவில்லை. வலது பக்கம் வெட்டினார். அதற்கும் போகவில்லை. நேராக வந்தது, மேசையை நோக்கி. பெண்கள் கத்தினார்கள். மேசைக்கு நாலடி முன்னால், கூரையிலிருந்து சரிந்து கிடந்த பனிக் குவியலில் ஏறி வண்டி நின்றது. சிஞ்ஞோர் நிற்கவில்லை. குவியலின் மறுபக்கத்தில் இடுப்பளவு பனிக்குள் இருந்தபடி எங்களைப் பார்த்தார். தொப்பி பால்கட்டித் தட்டில் கிடந்தது. தந்தையின் கையில் தீர்த்தச் செம்பு இன்னும் இருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. முப்பது பேர் சிரிக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அவருக்குக் காயம் இல்லை. எழும்பிப் பனியைத் தட்டினார். "மெஷின் நல்ல மெஷின்," என்றார் எல்லோருக்கும் கேட்க. "இஞ்ஞெஞ்ஞேரே சரியில்லை. வடக்கிலிருந்து ஒரு தொழில் தெரிந்தவனைக் கூப்பிடுகிறேன். ஓட்டுவதற்கும் அவனே ஒரு ஆளைக் கொண்டு வரட்டும்."

கடைசி வசனத்தை அஞ்சலா மொழிபெயர்க்கவில்லை. அத்தானின் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கியது.

மாலை நகரத்துக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் சொன்னேன், "நான் பிழை விட்டிட்டன் அத்தான். தெரிஞ்சுகொண்டே செய்தனான்."

"நான்தானே வை எண்டனான்," என்றார் அவர். அவ்வளவுதான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்து வருசம் கோப்பை கழுவிய மனிதர், தன்னைச் சுற்றி எது உடைந்தாலும் அது தன் கையால்தான் உடைந்தது என்று நினைக்கப் பழகியிருந்தார்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் இருந்தோம். கதவு தட்டுப்பட்டது. அக்கா திறந்தாள். வாசலில் சிஞ்ஞோரா, நாலு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு.

பதினொரு வருசமாக அக்கா அவருடைய வீட்டைக் கூட்டித் துடைக்கிறாள். அவர் அக்காவின் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அக்கா ஒரு கதிரையைத் துடைத்தாள், பிறகு வேறொரு கதிரையைத் துடைத்தாள், பிறகு தேத்தண்ணி போட ஓடினாள். சிஞ்ஞோரா இருந்து, இஞ்சி போட்ட பால் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்து, ஆச்சரியப்பட்டு, இன்னொரு வாய் குடித்தார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் ஒரு இலக்கம் சொன்னார்.

"நூற்றுப் பத்தொன்பது," என்றாள் அஞ்சலா எனக்கு.

சிஞ்ஞோரா தொடர்ந்து சொன்னார். அஞ்சலா வசனம் வசனமாகத் தமிழாக்கினாள். "எங்கள் வீட்டில் அந்த இலக்கத்தை ஒருவரும் சொல்வதில்லை. தராசு உடைந்துவிட்டது என்று வைத்தியரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். நேற்று இரவு முழுக்க அவர் நித்திரை கொள்ளவில்லை. முப்பது பேர் பார்த்தார்கள். நாளைக்கு ஒருமுறை இஞ்ஞெஞ்ஞேரே மலைக்கு வந்து, அந்த இலக்கத்துக்குச் சரிசெய்ய வேண்டும். அவருக்குத் தெரியக் கூடாது. சாப்பாட்டு மேசையில் அவரை நான் பிடித்து வைத்திருப்பேன்."

நான் "ஓம்" என்று வாய் திறந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

இவ்வளவு வருசமும் "சீ, சிஞ்ஞோரா" என்பதைத் தவிர அவள் அந்த மனிசியிடம் வேறு வசனம் பேசி நான் கேள்விப்பட்டதில்லை. இப்போது ஒரு கதிரையை இழுத்து, அவருக்கு எதிரே போட்டு, இருந்தாள். தன் சொந்த மேசையில், தன் சொந்தத் தேத்தண்ணிக்கு முன்னால் இருந்தபடி, மகளின் உதவி இல்லாமல், தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னாள். சொல்லிவிட்டு எனக்காகத் தமிழில் திரும்பச் சொன்னாள்.

"முதல் கொந்திராத்தோ. பிறகு மெஷின்."

அத்தான் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. சிஞ்ஞோரா அக்காவைப் பார்த்தார். பதினொரு வருசமாக வீட்டில் நடமாடிய ஒரு ஆளை முதல் முறையாகப் பார்க்கிற பார்வை.

"மரியா," என்றார், "நீ முதலே இப்படிக் கதைத்திருந்தால் நானும் என் மனிசனும் எவ்வளவோ சண்டை குறைவாகப் பிடித்திருப்போம்."

பெருமூச்சு விடாமல் அவர் சொன்ன ஒரே வசனம் இதுதான். விடுதியின் கணக்கு வழக்கும் கடதாசி வேலையும் அவருடைய பொறுப்பு என்பதும் சிஞ்ஞோர் நீட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பவர் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. மாலைக்குள் ஒப்பந்தம் வந்தது. அஞ்சலா மூன்று தரம் வாசித்தாள். அத்தான் அதைக் கோவைக்குள் வைத்தார். பிறகு வெளியே எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

திங்கட்கிழமை எங்களோடு அக்காவும் வந்தாள். அவள் பனியை மிதித்தது அன்றைக்குத்தான். ஒரு பிடி அள்ளி, சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்து, "மண் மணக்குது," என்றாள். உள்ளே சிஞ்ஞோரா கணவருக்கு மூன்றாம் தட்டு பஸ்தா வைத்துக்கொண்டிருந்தார். யன்னலால் அவருடைய இனிமையான குரல் கேட்டது: "போதும், போதும், கொஞ்சமாகப் போடு."

வேலையை அவசரமில்லாமல் செய்தேன். பின் ஸ்பிரிங்கைக் கடைசி இலக்கம் வரை ஏற்றினேன். பட்டியின் முன்பக்கத்தைப் பிடிக்கிற வாரை ஒரு துளை இறுக்கினேன். அதனால் சறுக்குகளின் மேல் பாரம் கூடும், மூக்கு வானத்துக்குப் போகாது. நீளமான ரப்பர் பற்கள் இறுகின பனியில் மடங்கி வழுக்கின. சுங்க அதிகாரி எண்ணிப் பார்க்காமல் விட்ட ஆணிகளை ஒவ்வொரு பல்லின் நுனியிலும் திருகினேன். பட்டி கொஞ்சம் இழுபட்டுத் தளர்ந்திருந்தது, புதுப் பட்டியின் இயல்பு, திரும்ப இறுக்கினேன். அத்தான் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு போல்ற்றையும் தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். ஒன்றை நான் மறந்திருந்தேன். அவர்தான் கண்டுபிடித்தார். கடைசியாக ஸ்பிரிங்கின் இலக்கங்களுக்கு மேல் தடிப்பாகக் கிரீஸ் பூசினேன். கிரீஸுக்கு அப்படியொரு பயன் இருக்கிறதென்று எந்தக் கைநூலிலும் இல்லை.

சிஞ்ஞோர் வாயைத் துடைத்தபடி வெளியே வந்தார். என்னைப் பார்க்காமல் வண்டியைச் சுற்றி வந்தார். ஏறினார். அதே பள்ளம். பின்பக்கம் தாழ்ந்தது, தாங்கியது, எழும்பியது. இடது பக்கம் திருப்பினார். இடது பக்கம் போனது. விடுதியை ஒருமுறை சுற்றி, இரண்டாம் முறை சுற்றி, எங்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

இறங்கி வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பிறகு விடுதிச் சமையல்காரியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பார், நான் சொன்ன நிறையை இந்த மனிதர் முதலில் நம்பவில்லை. இன்றைக்கு நம்பிச் செய்திருக்கிறார். எப்படி ஓடுகிறது!"

அஞ்சலா மொழிபெயர்க்கும்போது என்னைப் பார்க்கவில்லை; பார்த்திருந்தால் இருவரும் கெட்டிருப்போம். சிஞ்ஞோரா கூரையைத் தேடினார். வெளியே கூரை இல்லாததால் வானத்தைப் பார்த்தார்.

அவர்கள் நகரத்துக்குத் திரும்பிய பிறகு அத்தான் ஏறினார். அவர் ஐம்பத்தெட்டுக் கிலோ. அதில் பொய் இல்லை. பத்து மீற்றர் போவதற்குள் வண்டி அவரைப் பொரிகடலை மாதிரிக் குதிக்க வைத்தது. அக்கா "யேசுவே" என்றாள்.

"இறங்குங்கோ அத்தான். ஸ்பிரிங்கைக் குறைச்சு விடுறன். சிஞ்ஞோர் வாற நாள்களில நீங்கள் திருப்பிக் கூட்டி வையுங்கோ."

அத்தான் இறங்கவில்லை. யோசித்தார். வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு ரோட்டு முடிகிற இடத்துக்குப் போனார், நாங்களும் பின்னால் போனோம். அங்கே விடுதிக்கு வந்த காஸ் சிலிண்டர்கள் காலையிலிருந்து கிடந்தன. இரண்டைத் தூக்கிப் பின் தட்டில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். ஏறி இருந்தார். பின்பக்கம் அளவாகத் தாழ்ந்தது.

"பாத்தியே தம்பி," என்றார். "நானும் ரண்டு சிலிண்டரும் சேர்ந்தா ஒரு சிஞ்ஞோர்."

இந்த நாலைந்து நாளில் அவர் சொன்ன மிக நீளமான பகிடி அதுதான். சொல்லிவிட்டு விசையை அமுக்கினார். ஆணிகள் பனியைக் கடித்தன. செந்நிறப் பனியில் நேராக ஒரு கோடு இழுத்தபடி வண்டி ஏற்றத்தில் ஏறியது. நாங்கள் மூவரும் முழங்கால் புதையப் புதைய, மூச்சிரைக்கப் பின்னால் நடந்தோம்.

நாங்கள் முற்றத்துக்கு வந்தபோது சமையல்காரி குசினி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று அத்தானை நோக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். காஸ் இல்லாமல் அடுப்பு அணைந்து கிடக்கிறதாம். இவ்வளவு நேரமும் என்ன செய்தாயாம். நாளைக்கும் இப்படிப் பிந்தினால் சிலிண்டரைத் தலையில் போடுவாளாம். அஞ்சலா மொழிபெயர்க்கத் தேவையில்லாத அளவுக்கு அவளுடைய கைகளே எல்லாவற்றையும் சொல்லின.

வேலை போன இந்த நாலு மாதமாக அக்காவின் வீட்டில் அத்தானை ஒருவரும் ஏசியதில்லை. உப்புப் போத்தலைக்கூட அக்கா கெஞ்சுகிற குரலில்தான் கேட்பாள்.

அத்தான் சிலிண்டரைத் தோளில் வைத்தபடி எங்கள் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"கேட்டியே," என்றார் அக்காவிடம், "என்னை ஏசுறா."